செருப்புக் கடைக்காரர் செய்த கார்புரேட்டர்

பழைய மோட்டார் வண்டிகளைப் பேணி வைத்துக்கொண்டிருக்கும் நண்பர்கள் சிலர் எனக்கு உண்டு. அவர்கள் கூடும் இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் கார்புரேட்டர் என்னும் சொல் நூறு தடவையாவது காதில் விழும். காலையில் வண்டி கிளம்ப மறுத்தால் கார்புரேட்டர். மேட்டில் ஏறும்போது இருமினால் கார்புரேட்டர். பெட்ரோலைக் கணக்கில்லாமல் குடித்தால் அதற்கும் கார்புரேட்டர். பால் திரிந்தாலும் மருமகள்மேல் பழி போட்ட அந்தக் காலத்து மாமியார்களைப் போல, இவர்கள் எல்லாப் பழியையும் அந்தச் சிறிய உலோகப் பாத்திரத்தின் தலையில் சுமத்திவிடுகிறார்கள். அனுபவம் மிக்க மெக்கானிக்குகளைக் கேட்டால், பாதி வழக்குகளில் உண்மைக் குற்றவாளி தீப்பொறி தரும் பகுதிதான் என்பார்கள். அது போகட்டும்.

இன்று நான் சொல்ல வந்தது ஒரே ஒரு கார்புரேட்டரின் வரலாறு. எஸ்.யு. என்பது அதன் பெயர். இங்கிலாந்தில் பிறந்தது, நம் நாட்டுச் சாலைகளிலும் நெடுங்காலம் ஓடியது. இதன் பிறப்பு வளர்ப்பை அறியாமல் இதைப் புதுப்பிக்கப் புகுந்தவர்கள் எத்தனையோ நல்ல கருவிகளைக் கெடுத்திருக்கிறார்கள். என் கண் முன்னாலேயே ஒன்று கெட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெட்ரோல் தானாக எரிந்து வண்டியை ஓட்டிவிடுவதில்லை. காற்றோடு கலந்தால்தான் அது எஞ்சினுக்கு உணவாகும். அந்தக் கலப்பிலும் ஒரு கணக்கு இருக்கிறது. எடையளவில் பார்த்தால் பெட்ரோல் 1 பங்குக்குக் காற்று ஏறக்குறைய 14.7 பங்கு வேண்டும். கன அளவில் சொன்னால் 1 லிட்டர் பெட்ரோல் எரிந்து முடியச் சுமார் 9,000 லிட்டர் காற்று தேவைப்படும். நாம் பெட்ரோலுக்குக் காசு கொடுத்துவிட்டு, வண்டி பெட்ரோலில் ஓடுகிறது என்கிறோம்; உண்மையில் அது பெரும்பாலும் காற்றைத்தான் உண்கிறது. பெட்ரோல் அளவுக்கு மிஞ்சினால் கரும்புகை. குறைந்தால் எஞ்சின் திணறிச் சூடேறும். சாலைச் சந்திப்பில் வண்டி முனகிக்கொண்டு நிற்கும்போதும், மேட்டில் மூச்சு வாங்கி ஏறும்போதும், இந்த விகிதம் பெரிதும் பிறழாதபடி காப்பதே கார்புரேட்டரின் கடமை.

தொடக்க காலத்தில் இந்தக் கடமை மிகவும் எளிய முறையில் நிறைவேற்றப்பட்டது. 1886-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டியில், ஒரு தொட்டியிலுள்ள எரிபொருளின் மேற்பரப்பைத் தழுவிச் சென்ற காற்று ஆவியை அள்ளிக்கொண்டு எஞ்சினுக்குள் புகுந்தது. வெயில் அடித்தால் ஆவி மிகும். குளிர் வந்தால் குறையும். பள்ளத்தில் வண்டி குலுங்கினால் எல்லாம் குழம்பும். பெட்ரோலை ஒரு சிறு துளை வழியாகப் பீச்சித் தெளிக்கும் யுக்தி 1893-ஆம் ஆண்டில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் உருப்பெற்றது. ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஸ் சோங்கா என்னும் இருவர். ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக். ஒரு பூக்காரி மலர்களின்மேல் நீர் தெளிப்பதைக் கண்டுதான் ஹங்கேரிய அறிஞருக்கு இந்த எண்ணம் உதித்தது என்று ஒரு கதை வழங்குகிறது. உண்மையோ பொய்யோ, கதை அழகாக இருக்கிறது.

தெளிக்கும் துளைக்கு நாம் ஜெட் என்றே பெயர் வைத்துக்கொள்வோம். காற்று ஒடுங்கிய குழாயொன்றில் விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது என்பது டேனியல் பெர்னூலி 1738-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலிருந்தே அறிஞர் அறிந்த உண்மை. அந்த அழுத்தக் குறைவு ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். இவ்வளவும் சுலபம். சிக்கல் எங்கே என்றால், எஞ்சின் வேகம் கூடும்போது காற்று இரண்டு மடங்கானால் பெட்ரோல் இரண்டு மடங்குக்கும் அதிகமாகப் பாய்கிறது. மெதுவாக ஓடும்போது சரியாக இருந்த கலவை வேகத்தில் கெட்டிப்பட்டுவிடும். வேகத்துக்குச் சரி செய்தால் மெதுவான ஓட்டத்தில் நீர்த்துப்போகும். 1902-ஆம் ஆண்டில் பிரான்சில் கிரெப்ஸ் என்னும் படைத்துறை அதிகாரி, வேகம் கூடும்போது தானாகத் திறந்து கூடுதல் காற்றை விடும் ஒரு கதவை அமைத்தார். ஜெனித், சோலெக்ஸ், பின்னர் இத்தாலியின் வெபர் முதலிய நிறுவனத்தார், காற்று வழியின் அளவை மாற்றாமல் பல ஜெட்டுகளை வைத்து, ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடு செய்தனர். அது ஒரு பெரிய மரபு. அதற்குத் தனிப் பேச்சே வேண்டும்.

வேறு வழியில் சிந்தித்தவர் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர். அவர் எஞ்சினியர் அல்லர். லண்டனில் லில்லி அண்டு ஸ்கின்னர் என்ற பெயர் பெற்ற காலணி வணிகத்தை நடத்திய குடும்பத்தின் மூத்த பிள்ளை. காலணிக் கம்பெனியில் வேலை, நெஞ்சமெல்லாம் மோட்டார். 1904-ஆம் ஆண்டில் தம்பி கார்லுடன் சேர்ந்து அவர் ஒரு கார்புரேட்டரை உருவாக்கினார். 1905-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1906-ஆம் ஆண்டு ஜனவரியில் கிடைத்தது. அதன் உயிர்நாடி ஒரு தோல் துருத்தி! தோலோடு பழகிய குடும்பத்துக்குத் துருத்தி தோன்றியதில் வியப்பில்லை. அந்தத் துருத்தியைத் தைக்க அவருடைய மனைவியும் கை கொடுத்தார் என்று சொல்வார்கள்.

நம் ஊர்க் கொல்லன் உலையில் துருத்தி காற்றை ஊதும். ஸ்கின்னரின் துருத்தி ஊதவில்லை. காற்றுக்கு அடங்கி மேலும் கீழும் அசைந்தது. எஞ்சின் உறிஞ்சும்போது ஏற்படும் அழுத்தக் குறைவு துருத்தியின் உட்புறத்தை எட்டும். துருத்தி சுருங்கி மேலே எழும். எழும்போது காற்று செல்லும் வாயில் அகலும். எஞ்சின் அதிகமாக உறிஞ்சினால் வாயில் அதிகமாகத் திறக்கும்; குறைவாக உறிஞ்சினால் தன் எடையாலேயே தாழ்ந்து மூடும். ஆகவே, ஜெட்டின் மேலே ஓடும் காற்றின் வேகம் எந்நிலையிலும் ஏறத்தாழ ஒரே அளவாக நிற்கிறது. மற்றவர்கள் வாயிலை அசையாமல் வைத்துவிட்டுப் பெட்ரோலோடு போராடினார்கள். இவரோ வாயிலையே அசையவிட்டார்.

பெட்ரோலை அளப்பதற்கு ஓர் ஊசி உண்டு. எழும்பித் தாழும் பகுதியின் அடியில் தொங்கும் அது, நுனி மெலிந்து, ஜெட்டின் துளைக்குள் நுழைந்திருக்கும். மேலே எழ எழ ஊசியின் மெல்லிய பாகம் துளைக்கு வரும். ஊசிக்கும் துளைக்கும் இடையிலுள்ள வளையம் போன்ற இடைவெளி விரியும். பெட்ரோல் அதற்கேற்பக் கூடும். எந்த எஞ்சினுக்கு எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்ற சாத்திரம் முழுவதும் இரண்டு அங்குல ஊசியொன்றின் உடம்பில் கடைந்து எழுதப்பட்டிருக்கிறது. ஊசியின் தோளிலிருந்து ஒவ்வோர் எட்டில் ஒரு பங்கு அங்குலத்திலும் அதன் விட்டத்தைக் குறித்து அட்டவணை போட்டார்கள். நூற்றுக்கணக்கான ஊசிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியெழுத்து.

1910-ஆம் ஆண்டு ஆகஸ்டில் எஸ்.யு. கம்பெனி பதிவாயிற்று. ஸ்கின்னர் யூனியன் என்பதன் சுருக்கம் அது. தோல் நாள்பட்டால் விறைக்கும், வெடிக்கும் அல்லவா? துருத்திக்குப் பதிலாகப் பித்தளைப் பிஸ்டனை வைக்கும் மாறுதலையும் ஹெர்பர்ட்டே பின்னர்ச் செய்தார். அப்போதும் அவர் காலணிக் கம்பெனியின் வேலையை விடவில்லை. மோட்டார்த் தொழிலில் முழுமூச்சாக இறங்கியவர் தம்பி கார்ல்தான். முதல் உலகப் போரில் தொழிற்சாலை இயந்திரத் துப்பாக்கிப் பாகங்களைச் செய்தது. போருக்குப் பின் விற்பனை மந்தம்; லாபம் இல்லை. கார்ல் தம் வாடிக்கையாளரான டபிள்யூ. ஆர். மாரிஸிடமே சென்று 1926-ஆம் ஆண்டில் கம்பெனியை விற்றார். உற்பத்தி பர்மிங்காமுக்கு மாறிற்று. 1948-இல் ஓய்வு பெறும் வரை கார்லே அதன் நிர்வாகியாக இருந்தார். மாரிஸ், எம்.ஜி., ஜாகுவார் முதலிய வண்டிகள் பலவற்றில் எஸ்.யு. குடியேறியது இதன் பிறகுதான்.

பித்தளைப் பிஸ்டன் என்றேனே, அதில்தான் இந்தப் பேச்சின் கரு இருக்கிறது. எஞ்சினுக்குள் ஓடும் பிஸ்டனுக்கு வளையங்கள் உண்டு. அவை சுவரைத் தொட்டு உராய்ந்துகொண்டே போகும். கார்புரேட்டரின் பிஸ்டனுக்கு வளையமே கிடையாது. அதன் அகன்ற தட்டு, மேலுள்ள கிண்ணத்தின் சுவரைத் தொடவே கூடாது. நடுத்தண்டு மட்டும் தன் குழியில் வழுக்கிச் செல்லும். தட்டுக்கும் சுவருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. காற்றுக் கசியக் கசிய, ஆனால் அதிகம் கசியாமல், அந்த இடைவெளியே துருத்தித் தோலின் வேலையைச் செய்கிறது. தொட்டால் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். விலகினால் உறிஞ்சல் வீணாகும். கிண்ணத்தையும் பிஸ்டனையும் இணை பார்த்துச் சேர்த்து அனுப்பினார்கள். ஒரு கார்புரேட்டரின் கிண்ணத்தை எடுத்து இன்னொன்றின் பிஸ்டன்மேல் கவிழ்ப்பது, ஒருவர் பல் கட்டை மற்றவர் வாயில் மாட்டுவது போன்றது.

கார்புரேட்டரின் மற்றோர் உறுப்பு மிதவைக் கிண்ணம். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதவை உயர்ந்ததும் குழாய் அடைபடுவது போலத்தான் இதுவும். ஆனால் தொட்டி தலைகீழாகக் கவிழ்ந்தால்? 1940-ஆம் ஆண்டில் பிரிட்டன்மேல் நடந்த ஆகாயப் போரில் இக்கேள்வி உயிர்ப் பிரச்சினையாயிற்று. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களின் மெர்லின் எஞ்சினுக்கு எஸ்.யு. நிறுவனத்தார் செய்த வேறொரு வகைக் கார்புரேட்டர் பொருத்தியிருந்தது. மிதவை மட்டும் அதே தத்துவம். விமானி திடீரென்று மூக்கைக் கீழே தள்ளினால் பெட்ரோல் கிண்ணத்தின் மேற்பக்கம் ஏறிவிடும்; எஞ்சின் பசியால் இருமும். அடுத்த கணம் மிதவை நிலைகெட்டுக் குழாயை முழுவதும் திறந்துவிடும். பெட்ரோல் வெள்ளமாகப் புகுந்து எஞ்சின் மூச்சுத் திணறும். எதிரியின் மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தில் எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் பீச்சும் ஏற்பாடு இருந்ததால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. துரத்திச் சென்ற பிரிட்டிஷ் விமானிகள் பாதி புரண்டு, பிறகு பாய வேண்டியிருந்தது. அதற்குள் எதிரி தப்பிவிடுவான்.

இதற்குப் பரிகாரம் கண்டவர் ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பியட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண்மணி. புரூக்லண்ட்ஸ் ஓட்டப் பாதையில் மணிக்கு 100 மைலுக்கு மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பரிசு வாங்கியவர். எஞ்சின் முழு வலுவில் எவ்வளவு பெட்ரோல் கொள்ளுமோ அதற்குமேல் பாயாதபடி, அளந்த துளையுள்ள ஒரு சிறு உலோகத் தடையைக் குழாயில் வைத்தார். 1941-ஆம் ஆண்டில் விமான தளங்களுக்கே நேரில் போய் அதைப் பொருத்தும் வேலையை நடத்தினார். குறை முற்றும் நீங்கியது வேறு வகைக் கார்புரேட்டர் வந்த பிறகுதான். ஆயினும் அந்த இடைக்காலத்தில் போர் விமானங்களை வானில் காத்தது வாஷர் போன்ற ஒரு துண்டு உலோகம். கார்புரேட்டர் உலகில் பெரிய காரியங்கள் இவ்வளவு சிறிய அளவில்தான் நடக்கின்றன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மாரிஸ் கம்பெனியின் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை வண்டியே 1957-ஆம் ஆண்டு முதல் வங்காளத்து உத்தரபாராவில் அம்பாஸிடர் என்ற பெயரில் உருவாயிற்று. 2014 வரை உருவாகிக்கொண்டிருந்தது. அதன் 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினோடு எஸ்.யு. கார்புரேட்டரும் நம் பட்டறைகளுக்குள் வந்தது. பிற்காலத்தில் வேறு வகைகளும் வந்தன. எஸ்.யு.வின் பெயரிலுள்ள எண் எதைக் குறிக்கிறது என்று பலருக்குத் தெரியாது. காற்று வழியின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு மேல் எத்தனை எட்டில் ஒரு பங்கு என்பதே அது. எச் 2 என்றால் ஒன்றேகால் அங்குலம். எச் 4 என்றால் ஒன்றரை அங்குலம்.

நான் சொல்வதாகக் கூறிய சம்பவம் இதுதான். என் நண்பர் ஒருவர் 1960-களில் வந்த அம்பாஸிடர் ஒன்றைத் தம் தந்தையாரின் நினைவாக வைத்திருக்கிறார். அதைப் புதுப்பிக்க ஒரு பட்டறையில் விட்டார். திரும்பி வந்தபோது வண்டி மணப்பெண் மாதிரி இருந்தது. எஞ்சின் மூடியைத் திறந்தால் கார்புரேட்டர் கண்ணாடி போல் மின்னியது. கிண்ணத்தின் வெளிப்புறம் மட்டுமல்ல, உட்புறத்தையும் பிஸ்டன் தட்டின் விளிம்பையும்கூட எமரித் தாளால் தேய்த்துத் தங்கம் போல் ஆக்கியிருந்தார்கள். ஆனால் வண்டிக்கு மேட்டில் வலுவில்லை, நின்றால் நடுங்கியது, பெட்ரோல் செலவு ஏறியது. நாங்கள் போய்ப் பார்த்த கிழ மெக்கானிக் ஒருவர், கிண்ணத்தைக் கழற்றி ஒரு தடவைதான் விரலால் தடவினார். "ஐயா, இது பித்தளைக் குத்துவிளக்கு இல்லீங்க. இதுக்குப் பளபளப்பு ஏற ஏற வேலை இறங்கும்" என்றார்.

அவர் செய்து காட்டிய சோதனை கைநூல்களிலும் இருப்பதுதான். பிஸ்டனிலுள்ள காற்றுத் துளைகளை அடைத்து, எண்ணெய்த் தண்டை மாட்டி, பிஸ்டனும் கிண்ணமும் சேர்ந்தபடி தலைகீழாகப் பிடித்து, கிண்ணத்தை மட்டும் விழவிட்டார். இந்த அளவுக் கார்புரேட்டரில் அது ஐந்து முதல் ஏழு விநாடிக்குள் நிதானமாக இறங்க வேண்டும். எங்களுடையது இரண்டு விநாடியில் மடாரென்று விழுந்தது. நண்பரின் முகமும் அதோடு விழுந்தது. அறுபது ஆண்டு ஓட்டம் செய்யாத சேதத்தை ஒரு பிற்பகல் வேலை செய்துவிட்டது. தேய்த்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. இணையாக வந்த வேறொரு கிண்ணமும் பிஸ்டனும் தேடிப் பிடிக்க ஐந்து மாதம் ஆயிற்று. மண்ணெண்ணெயில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்தலே அந்த உறுப்புக்குச் செய்யத்தக்க உச்சகட்டப் பணிவிடை என்பதை நாங்கள் அப்போது கற்றோம்.

தேடிக்கொண்டிருந்த காலத்தில் பெரியவர் மற்றவற்றைக் கவனித்தார். பழைய கார்புரேட்டர்களில் மெய்யாகவே தேய்வது திராட்டில் தண்டு. அது அரை நூற்றாண்டு இங்குமங்கும் சுழன்று, தான் இருக்கும் துளையை நீள்வட்டமாக்கிவிடும். அந்த இடுக்கு வழியாகக் கணக்கில் வராத காற்று திருட்டுத்தனமாக நுழைந்து கலவையை நீர்க்கச் செய்யும். பலர் இதை அறியாமல் பெட்ரோலைக் கூட்டி ஈடு செய்வார்கள். நிற்கும்போது சரியாகும், ஓடும்போது ஸ்பார்க் பிளக் கரி பூசிக்கொள்ளும். லேத் பட்டறையில் துளையைக் கடைந்து வெண்கலப் புஷ் அடித்துப் புதுத் தண்டு போடுவதே நேர்மையான வழி. அடுத்தது ஜெட்டை நடுமையம் செய்தல். ஜெட்டின் பூட்டு மரையைத் தளர்த்தி, பிஸ்டனைத் தூக்கி விழவிட்டு, ஊசி தன் இடத்தைத் தானே தேடிக்கொண்டபின் மரையை முறுக்க வேண்டும். பிறகு பிஸ்டன் விழும்போது 'டக்' என்று மெல்லிய ஓசை கேட்க வேண்டும். அந்த ஓசை கேட்கவில்லையென்றால் ஊசி எங்கோ உரசுகிறது. பெரியவர் நான்கு முறை பிரித்து, ஐந்தாம் முறை அந்த ஓசையைக் கேட்ட பின்தான் தேநீர் குடிக்க எழுந்தார்.

பிஸ்டன் தண்டுக்குள் ஊற்றும் எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது வெறும் மசகு அன்று. ஓட்டுபவர் திடீரென்று மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளி எழாமல் அது ஒரு நொடி பிடித்து நிறுத்துகிறது. அந்த ஒரு நொடியில் உறிஞ்சல் கூடி, பெட்ரோல் சற்றே அதிகம் வந்து, வண்டி தயங்காமல் பாய்கிறது. எண்ணெய் வற்றிய வண்டி மிதித்தவுடன் விக்கும். எத்தனையோ வண்டிகளுக்கு இந்த விக்கலுக்காகப் பெரிய வைத்தியமெல்லாம் நடந்திருக்கிறது!

புதிய இணை கிடைத்துப் பொருத்திய அன்று சுருதி சேர்க்கும் படலம். வால்வு இடைவெளி, பிளக், தீப்பொறி நேரம் மூன்றையும் முதலில் சரி பார்த்து, எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டினார். பின்னர் பிஸ்டனைத் தூக்குவதற்கென்றே உள்ள சிறு ஊசியை விரலால் அழுத்தினார். பிஸ்டன் எழ வேண்டியது அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அவ்வளவே. அப்போது எஞ்சின் வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் கலவை கெட்டி. இறங்கி அடங்கப் பார்த்தால் நீர்ப்பு. லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. ஜெட்டின் கீழுள்ள ஆறுமுக மரையை ஒவ்வொரு முகமாகத் திருப்புவார். கீழே இறக்கினால் கெட்டி, மேலே ஏற்றினால் நீர்ப்பு. திருப்பிவிட்டுச் சைலன்சர் குழாயின் பக்கம் போய்க் குனிந்து நிற்பார். நீர்த்த கலவையில் குழாயின் ஓசை தாளம் தப்பித் தெறிக்கும். கெட்டியில் தாளம் தப்பாமல் ஒழுங்காக இடறும், புகையும் கறுக்கும். கடம் வாசிப்பவர் சுருதி பார்ப்பதைப் போல அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரட்டைக் கார்புரேட்டர் உள்ள வண்டிகளுக்கு ஒரு முழ நீள ரப்பர்க் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு வாயிலிலும் மாறி மாறிக் காட்டி, இரண்டின் சீற்றமும் ஒத்துப்போகும் வரை திருகுவாராம். கருவிகள் வந்துவிட்ட பிறகும் அந்தக் குழாயை அவர் எறியவில்லை.

இங்கிலாந்தில் எஸ்.யு. கார்புரேட்டர் பொருத்திய புதிய வண்டிகள் 1994-ஆம் ஆண்டோடு முடிந்தன. 1996-இல் அந்தப் பெயரையும் உரிமையையும் பர்லன் என்ற நிறுவனம் வாங்கி, பழைய வண்டிகளுக்காகக் கார்புரேட்டர்களையும் பாகங்களையும் செய்யலாயிற்று. நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் புதிய புகை விதிகள் வந்ததும் மோட்டார் சைக்கிள்களும் பெரும்பாலும் கார்புரேட்டரைக் கைவிட்டன. இன்று பட்டறையில் தொழில் கற்கும் இளைஞர்களில் பலர் ஜெட்டைக் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

புதிய சோதனை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலக்கும் நிலை எட்டப்பட்டது. எத்தனால் தன்னுள்ளேயே ஆக்ஸிஜன் கொண்டது. ஆகவே இந்தக் கலப்புக்கு 14.7 பங்கு காற்று வேண்டாம், சுமார் 13.5 பங்கே போதும். பழைய ஊசி பழைய கணக்கில்தான் அளக்கும். எனவே கலவை நீர்க்கிறது. பழைய ரப்பர், தக்கை அடைப்புகளும் அதில் ஊறிக் கெடுகின்றன. நெடுநாள் நிறுத்திய வண்டியின் மிதவைக் கிண்ணத்தில் ஈரம் சேர்ந்து வெண்மையாகப் பூத்துவிடுகிறது.

நண்பரின் வண்டி மறுபடியும் இருமத் தொடங்கியது இதனால்தான். பெரியவர் மரையை இரண்டு முகம் இறக்கினார். நிற்கும்போது சரியாயிற்று, சாலையில் பாதி வேகத்தில் இன்னும் நீர்ப்பு. மேலும் ஒரு முகம் இறக்கினார். சாலையில் தேறியது, நிற்கும்போது கரும்புகை. மரையால் தீராது, ஊசியையே மாற்ற வேண்டும் என்று தீர்மானமாயிற்று. அட்டவணையை விரித்து, நடுப்பாகம் சற்று மெலிந்த ஊசியொன்றைத் தேர்ந்தெடுத்து, இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைத்தார்கள். பெரியவர் அதன் தோளைப் பிஸ்டனின் அடிமட்டத்தோடு நகத்தால் ஒப்பிட்டுப் பொருத்தினார். கழற்றிய பழைய ஊசியைத் துடைத்து, எண்ணெய் பூசி, காகிதத்தில் சுற்றி, ஒரு தீப்பெட்டிக்குள் வைத்து, அதன் குறியெழுத்தையும் வண்டியின் எண்ணையும் மேலே எழுதினார். அவருடைய அலமாரியில் அதைப் போன்ற தீப்பெட்டிகள் இன்னும் இருபது இருந்தன.